மேல்வரிசைப் பல்லும் இடது கண்ணும்

அன்புள்ள மகனுக்கு உன் அய்யா எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அப்படி எழுதக் கை வரவில்லை. அது முக்கால்வாசிதான் உண்மை, மீதியைப் பிறகு சொல்கிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மேல்வரிசையில் ஒரு பல் சொத்தையாகி, சரியாகத் தூங்க முடியாமல், ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளுகிறேன் என்று எழுதியிருந்தாய். அங்குள்ள பல் டாக்டர் பிடுங்கிவிட வேண்டும் என்கிறார், உன் அறையில் தங்கியிருக்கும் திருநெல்வேலிக்காரரோ மேல் பல்லைப் பிடுங்கினால் அந்தப் பக்கத்துக் கண் போய்விடும் என்கிறார், யாரை நம்புவது என்றும் கேட்டிருந்தாய். பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம் பார்க்கிறவன், சமயநல்லூரில் சந்தையில் மாடு பிடித்துக் கொடுக்கிற அய்யாவிடம் பல்லுக்கு யோசனை கேட்கிறாயே என்று உன் அம்மா சிரித்தாள். ஆனால் நீ சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறாய். போன ஆடி மாதம் எனக்கும் மேல்வரிசைப் பல் ஒன்றைப் பிடுங்கினார்கள், இடது பக்கம். உனக்குத் தெரிவிக்கவில்லை. பிடுங்கிய மறுநாள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணில் எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, பல்லோடு இருந்துவிடலாம் என்று முடிவு கட்டாதே. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

என் சுபாவம் உனக்குத் தெரியும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று ஊர் சொல்லும். நான் பார்ப்பேன். தானம் கொடுக்கிறவன் ஏன் கொடுக்கிறான் என்பதற்குப் பதில் பெரும்பாலும் அந்த மாட்டின் வாயில்தான் இருக்கும். சந்தையில் துண்டுக்குள் கை போட்டு விலை பேசுகிற தரகர்கள் சத்தியம் செய்வார்கள், கண்ணீர்கூட விடுவார்கள். அரத்தால் பல்லை ராவி, கிழட்டு மாட்டை நாலு பல் போட்ட இளங்காளை என்று தலையில் கட்டுகிறவர்களும் அவர்கள்தான். ராவின பல்லில் ஓரம் நேராக இருக்கும். புல்லில் தேய்ந்த பல் அப்படி இருக்காது. விரலை விட்டுத் தடவினால் தெரிந்துவிடும். அதனால்தான் உழவு மாடு வாங்கப் போகிற சம்சாரிகள் எல்லோரும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் யாரையும் நம்ப மாட்டேன் என்று என்னை நம்பினார்கள்.

இவ்வளவு மாட்டுப் பல் பார்த்தவன் தன் பல்லைப் பார்த்துக்கொண்டேனா என்றால் அதுதான் இல்லை. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று எல்லோரும் சொன்னதால் வேலங்குச்சி பிடித்தேன். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குச்சி கிடைக்காத நாளில் செங்கல் பொடியைப் போட்டுத் தேய்த்தேன். அது சமைக்கிற ஏனத்தின் கரியைத் தேய்க்கலாம், பல்லைத் தேய்க்கிறதற்கு இல்லை. உமிக்கரியையாவது மாவாக இடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும், நறநறவென்று வாயில் கடிபட்டால் துப்பிவிட வேண்டும். கயிற்று முடிச்சைக் கையால் அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் பல்லால் கடித்து இழுப்பேன். புகையிலையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டு அப்படியே தூங்கியும் போவேன். நீ புகையிலை போடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதியதை நம்புகிறேன், ஆனாலும் ஊருக்கு வரும்போது வாயைத் திறந்து காட்டத்தான் சொல்வேன். அங்கே எந்நேரமும் டீ குடிக்கிறாய், இனிப்பு தின்கிறாய் என்று காதில் விழுகிறது. தின்றால் வாயை நன்றாகக் கொப்பளி. ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு தடவை பல் விளக்கு. கடையில் டப்பியில் விற்கிற பொடி எதுவானாலும் முதலில் நாக்கில் கொஞ்சம் வைத்துப் பார், காரமும் நறநறப்பும் இருந்தால் வேண்டாம்.

பல் வலி எனக்குப் பங்குனியில் ஆரம்பித்தது. கிராம்பு வைத்தேன், உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பார்களே, அதற்கும் வழியில்லாத வலி. அப்போது சந்தைக்குப் பல்பூச்சி எடுக்கிறவன் ஒருவன் வந்தான். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகைய விட்டு, ஒரு குழல் வழியாக அந்தப் புகையை வாயில் வாங்கச் சொன்னான். கீழே தண்ணீர்ச் சட்டி. கொஞ்ச நேரத்தில் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக, சின்னதாகப் புழுக்கள் மிதந்தன. கூட்டம் வாயைப் பிளந்தது. உன் அம்மா, "பாத்தீகளா, அம்புட்டும் ஒங்க வாயில இருந்திருக்கு," என்றாள். நான் அவனிடம் கொஞ்சம் விதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கொட்டாங்கச்சியில் நெருப்பு வைத்து, விதையைப் போட்டு, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து மேலே வெறும் பானையைக் கவிழ்த்தேன். யார் வாயும் கிட்டே இல்லை. அந்தத் தண்ணீரிலும் அதே புழு மிதந்தது. விதை வெடித்து உள்ளே இருக்கிற முளைதான் அப்படித் தெறிக்கிறது. பானைக்குப் பல்வலி இருக்கிறதா என்று உன் அம்மாவைக் கேட்டேன். எனக்கு வலி மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் வைக்கோல் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போன வண்டியில் ஏறி சிம்மக்கல்லில் இறங்கினேன். அங்கே மண்டிகளுக்குப் பக்கத்தில் ஒருவன் சாக்கு விரித்து, பிடுங்கிய பல்லைக் குவியலாகக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையால் பிடுங்குவானாம், வலிக்காதாம், இத்தனை பேர் வந்து போயிருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் குவியல்தான் சாட்சியாம். ஜனங்கள் பார்த்துப் பார்த்து மலைத்து நின்றார்கள். நான் குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளறினேன். பாதிக்கு மேல் ஆட்டுப் பல், கன்றுக்குட்டியின் பால் பல்லும் கிடந்தது. "அண்ணே, இந்தப் பல்லுக்காரன் நாலு காலுல நடந்தா வந்தான்?" என்று கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வலி இருக்குற ஆளு மாதிரித் தெரியலையே. போங்க, யாவாரத்தைக் கெடுக்காதீக," என்றான். உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். பல் வைத்தியன் தான் பிடுங்கிய பல்லை விளம்பரமாக வைத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் நட.

வைகாசி முடிவதற்குள் கன்னம் வீங்கி இடது கண் பாதி மூடிக்கொண்டது. கோரிப்பாளையத்தில் ஒரு பாய் பல் டாக்டர் இருக்கிறார், கல்கத்தாவில் படித்துவிட்டு வந்தவர், ஊசி போட்டு மரத்துப்போக வைத்துப் பிடுங்குகிறார் என்று சொன்னார்கள். போகலாம் என்று கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று, "மேப்பல்லா? மாமா, மேப்பல்லுக்கும் கண்ணுக்கும் ஒரே நரம்பு. புடுங்கினா கண்ணு போயிரும்," என்றார். நான் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கொடியில் போட்டுவிட்டேன். என் பிழைப்பே கண்ணில் இருக்கிறது. சந்தையில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பல் இருக்கிறது என்றா கூப்பிடுகிறார்கள்? பிறகு ஆனி பாதி வரைக்கும் வீட்டில் முனகிக்கொண்டு கிடந்தேன். கடைசியில் உன் அம்மாதான் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "மாட்டுக்கு மேவரிசையில முன்பல்லே கெடையாதுன்னு நீங்கதான சொல்லுவீக?"

"ஆமா."

"அதுக்குக் கண்ணு தெரியலையா?"

எத்தனை ஆயிரம் மாட்டின் வாயைப் பிளந்து பார்த்தவன் நான், இந்த யோசனை எனக்கு வராமல் போனதே என்று எரிச்சலாக இருந்தது. மறுநாளே கோரிப்பாளையம் போனேன்.

போனதும் நாற்காலியில் உட்காரவில்லை, கொஞ்ச நேரம் வாசலில் நின்று வேவு பார்த்தேன். நீயும் அப்படிச் செய். உள்ளே போகிறவர்களைப் பார்க்காதே, வெளியே வருகிறவர்களைப் பார். ஒரு அம்மாள் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு வந்தார். ரத்தம் நிற்கிற வரைக்கும் அவரை உட்கார வைத்து, திரும்பப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் அனுப்பினார். ஸ்பிரிட் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் கருவிகள் கொதித்துக்கொண்டிருந்தன. ஒருவர் வாயிலிருந்து எடுத்த இடுக்கியை அப்படியே அடுத்தவர் வாயில் வைக்கவில்லை. ஒரு ஆளுக்குப் பிடுங்க வேண்டாம், அடைத்தால் போதும் என்று சொல்வதையும் கேட்டேன். வந்த பல்லை எல்லாம் பிடுங்கித் தள்ளுகிறவனை நம்பாதே, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவனிடம் போ. இதையெல்லாம் பார்த்த பிறகும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. "பாய், கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன்.

"ஆகாது அண்ணே. இது வேற, அது வேற. இப்படியே விட்டீங்கன்னாத்தான் சீழு மேல ஏறி வம்பு," என்றார். எல்லாத் தரகனும் ஒன்றும் ஆகாது என்றுதான் சொல்வான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். கன்னம் வற்றட்டும் என்று மருந்து கொடுத்து அனுப்பி, ஆடியில் திரும்ப வரச் சொன்னார். போனேன். ஊசி குத்தும்போது வலித்தது. பிடுங்கும்போது மரத்தை வேரோடு அசைக்கிற சத்தம் காதுக்குள் கேட்டதே தவிர, சத்தியமாக வலி இல்லை.

மறுநாள் காலையில் தொழுவத்தில் நின்றுகொண்டு, பார்த்துவிடலாம் என்று வலது கண்ணைத் துண்டால் பொத்தினேன். வைக்கோல் போர் இருந்த இடத்தில் மஞ்சளாக ஒரு புகை நின்றது. நம் சிவலைக் காளையின் முகம் தெரியவில்லை, கொம்பு இருக்கிற இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினேன், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. திரும்ப மாற்றினேன், திரும்பவும் புகைதான். உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. பயந்தேன். அந்தப் பயம் கொஞ்ச நேரத்தில் கோபமாகி, நேரே கோரிப்பாளையம் போய் அந்த டாக்டர் வாசலில் நின்று கத்தினேன். தர்கா பக்கம் போகிறவர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். உள்ளே பல்லுக்குக் காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போனார்கள். டாக்டர் வெளியே வந்து என் கண் இமையை விலக்கிப் பார்த்தார். "அல்லா அறிய, ஒங்க கண்ணை நான் தொடலைண்ணே. இது புரை. நேத்துப் பல்லு புடுங்கினா இன்னைக்குப் புரை விழாது. இது வருசக்கணக்குல மெல்ல மெல்ல மூடினது," என்றார். கடை வைத்திருக்கிறவன் கடையைக் காப்பாற்றத்தான் பேசுவான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். போலீசுக்கு எழுதிப் போடுகிறேன், உனக்கும் எழுதுகிறேன் என்று குதித்தேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்த மனுசனை ஏன் வையிறீக? ஒங்க எடது கண்ணு மங்கி எம்புட்டோ நாளாச்சு," என்றாள்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"மகன் காயிதம் வந்தா, கோழி பாக்குற மாதிரித் தலையை ஒருச்சாச்சுத்தான படிக்கிறீக. எடது தோளு வாச நெலையில இடிக்காத நாளு உண்டா? தம்ளர அந்தப் பக்கம் வச்சா தட்டி விடுறீகன்னு நான் வலப்பக்கமாத்தான் வச்சுக்கிட்டு வாரேன். போன பொங்கலுக்கு முன்னாடியே இதெல்லாம் இருக்கு."

யோசித்துப் பார்த்தேன். மாசியில் ஒரு சம்சாரிக்குப் பிடித்துக் கொடுத்த காளைக்கு இடது விலாவில் நோய்க்குச் சூடு போட்ட பழைய தழும்பு இருந்ததை நான் கவனிக்காமல் விட்டதும், அவன் ஒன்றும் சொல்லாமல் அடுத்த சந்தைக்கு வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போனதும் ஞாபகம் வந்தது. அந்தச் சம்சாரியைத்தான் நன்றி கெட்டவன் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே இருந்தால் ஒன்று போனது தெரியாது. பல் பிடுங்கிய பிறகுதான், அதுவும் சந்தேகத்தால்தான், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தேன். மேல்பல் பிடுங்கினால் கண் போகும் என்று சொல்கிறவர்களில் எத்தனை பேர் என்னைப் போல மறுநாள்தான் முதன்முதலாகக் கண்ணைப் பொத்திப் பார்த்தார்களோ, உன் திருநெல்வேலிக்காரரையும் கேட்டுப் பார்.

"இம்புட்டு நாளா ஏன் சொல்லலை?" என்று உன் அம்மாவிடம் கேட்டேன். எனக்குக் கோபமில்லை, ஆற்றாமைதான்.

"சொன்னா நம்பவா போறீக? ஒன்னைய எவன் ஏவி விட்டான்னு கேப்பீக," என்றாள். நான் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

பிறகு ஒரு நாள் டாக்டரிடம் போனேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் இன்னொரு பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டு போனேன். கூசத்தான் செய்தது. அவர் என்னை நாற்காலியில் உட்கார விடவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டு, "மொதல்ல எடது கண்ணைப் பொத்துங்கண்ணே. அந்தக் காலண்டர்ல என்ன கெழமை போட்டுருக்கு, சொல்லுங்க. இப்ப வலது கண்ணைப் பொத்திக்கிட்டுச் சொல்லுங்க," என்றார். சொன்னேன். தெரிந்ததைத் தெரிகிறது என்றும் தெரியாததைத் தெரியவில்லை என்றும் அந்த இருவரும் கேட்டுக்கொண்ட பிறகுதான் என் வாயைத் தொட்டார். இப்போது மேல்பல்லுக்கு வருகிற எல்லோருக்கும் இந்தப் பரீட்சை நடக்கிறதாம். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரராக அவரை நானே ஆக்கிவிட்டேன். அன்றைக்குத்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில். கருவி கொதிக்கிறதா, அடைக்க முடியுமா என்று கேட்டால் நின்று பதில் சொல்கிறாரா, ரத்தம் நிற்கும் வரை உட்கார வைக்கிறாரா என்று பார். போவதற்கு முன்னால் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொள். அடைக்க முடியும் என்றால் அடைத்துக்கொள், முடியாது என்றால் பிடுங்கிவிடு. கன்னம் வீங்குகிற வரைக்கும் என்னைப் போல வைத்துக்கொண்டிருக்காதே. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், போகட்டும், நீ ஆபீசில் எழுதத்தானே செய்கிறாய்.

இனி அந்த மீதிக் கால்வாசி. டவுனில் கண் டாக்டர் ஒருவர் இருக்கிறார், புரையைக் கத்தியால் எடுத்துவிடுவார், ஆனால் அது முத்தியிருக்க வேண்டும், முத்தியதா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்கிறார் பல் டாக்டர். பல்லை இழுக்கிறவனை நம்புவதற்கே எனக்கு நாலு மாதம் ஆயிற்று. கண்ணுக்குள் கத்தி விடுகிறவன் முத்தியது என்றால் காசுக்குச் சொல்கிறான் என்று நினைப்பேன், முத்தவில்லை என்றால் கைவேலை தெரியாதவன் என்று நினைப்பேன். உன் அம்மா வெட்டிக்கொள்வது நல்லதென்றாலும் பயத்தில் சொல்கிறாள் என்பேன். என்னை எனக்குத் தெரியும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று ஊர் சிரிப்பதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். வலது கண்ணும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்தையே வெளிச்சத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் பல்லைப் பார்த்துக்கொண்டு, வாய் ஆறியதும் லீவு போட்டுவிட்டு வா. அந்த டாக்டரிடம் என்னோடு நீ வர வேண்டும். அவர் சொல்வதை நீ உள்ளே போய்க் கேட்டுக்கொள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வெட்டலாம், வேண்டாம், இரண்டில் எதுவோ அதை வந்து நீ என்னிடம் சொல். நீ சொன்னால் மறுகேள்வி கேட்க மாட்டேன்.